அப்பாவின் வாயைக் கட்டிய நாட்கள்

ஜூன் 4, செவ்வாய்

சாரல் காற்று. வெயில் முகமே காட்டவில்லை. துவைத்த துணி இரண்டு நாளாக ஈரம். தையல்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டும். சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. போன மாதத்தைவிடச் சர்க்கரை கூடுதல். டாக்டர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார். வாயைக் கட்டாவிட்டால் கால்விரல் புண் ஆறாதாம், விரலையே எடுக்க வேண்டி வருமாம். வாயைக் கட்ட வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

முப்பத்தாறு வருடம் வாத்தியார். ராதாபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு. நாளைக்கு ஒரே காப்பி. அரை வயிற்றோடு எழுந்துவிடுவார். அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வார். அம்மை இறந்து இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் இவர் யாரோ.

திரும்பி வரும்போது பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்த பெரிய கடையில் நின்றுவிட்டார். கூடையை எடுத்துக்கொண்டு நாமே உள்ளே போய் வேண்டியதை எடுக்கும் கடை. தினமும் சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று அங்கேதான் போயிருக்கிறார். கல்லாவில் இருந்தவர் "வாங்க சார்" என்று கும்பிட்டார். அவமானமாக இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

அப்பா அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில்:
கிரீம் பிஸ்கட் உறை 7
சாக்லேட் தாள், தங்கக் கலர் 11
கலர் பாட்டில் காலி 2
பாதி தின்ற மைசூர்பாகு, எறும்போடு.

எல்லாவற்றையும் அவர் முன்னால் தரையில் பரப்பி வைத்தேன். சத்தம் போடவில்லை. அவர் எங்களை அப்படித்தான் செய்வார், பரீட்சைத் தாளைப் பரப்பி வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார்.

ஏன் அப்பா என்று கேட்டேன். டி.வி.யில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காட்டுகிறானே என்றார். டி.வி., பிரிட்ஜ் எல்லாம் மெட்ராஸில் இருந்து தம்பி வாங்கி அனுப்பியது. ஆள்தான் வருவதில்லை.

பிறகு ரொம்ப நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார்:

"உங்க அம்மை அளந்து வச்சா, நான் அளந்து தின்னேன். அடக்கினது நான்தான்னு நெனச்சிட்டு இருந்துட்டேன், கோமு."

இதை அப்படியே எழுதி வைக்கிறேன். இரக்கத்தால் இல்லை. அம்மை இருக்கும்போது இதைச் சொல்லியிருக்கலாமே என்ற ஆத்திரத்தால்.

ஜூன் 10, திங்கள்

பிரிட்ஜுக்குப் பூட்டு உண்டு என்பதே இன்றுதான் கவனத்துக்கு வந்தது. சாவி காகித உறையில் அப்படியே கிடந்தது. சீனி டப்பா, கருப்பட்டி, வெல்லம், தேன், மாவு, பழம், எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டினேன். அடுப்படி அலமாரிக்குத் தனிப் பூட்டு. காலையில் நானே வைத்துக் கொடுத்துவிட்டு ஆபீஸ். ஒரு மணிக்கு வந்து மத்தியானச் சாப்பாடு. ஆபீஸ் நடக்கிற தூரம்தான். டைப்பிஸ்ட் வேலைக்கு இந்த ஒரு சௌகரியம்.

கடைக்காரரிடமும் சொல்லியாயிற்று. முக்கு டீக்கடை அண்ணாச்சியிடமும்.

பக்கத்து வீட்டுப் பாத்திமாவிடம் தனியாகச் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் சவூதியில். அந்தத் தங்கக் கலர் சாக்லேட் அங்கிருந்துதான். ஒரு சிட்டிகைச் சீனிகூடக் கொடுக்கக் கூடாது, அழுதாலும் கொடுக்கக் கூடாது என்றேன். "சரிக்கா" என்றாள். அவளுக்குச் சங்கடம்தான், தெரிந்தது.

சாவி இடுப்பில். நடக்கும்போது குத்துகிறது. பிடித்திருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

காற்று அதிகம். கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. பல்லுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் பாத்திமா வந்தாள். முந்தாநாள் அப்பா அவளிடம் போய், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், காப்பிக்குச் சீனி வேண்டும் என்று வாங்கிப் போனாராம். எந்த விருந்தாளியும் வரவில்லை. பொய் சொன்ன ஒரு பையனை வெயிலில் முட்டிபோட வைத்த மனிதர்.

கேட்டேன். மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் கொடுத்தால் உன்னோடு பேச மாட்டேன் என்று பாத்திமாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அப்பா காதில் விழும்படியே சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஜங்ஷனில் புடவைக் கண்காட்சி. இரண்டு எடுத்தேன். ஒன்று போதும். இரண்டாவதை எதற்கு எடுத்தேன்? அந்தப் பச்சை எனக்குப் பொருந்தவும் இல்லை. பீரோவில் கட்டாத புடவை இதோடு ஒன்பது. என் பீரோவுக்கு யார் பூட்டுப் போடுவது.

ஜூன் 20, வியாழன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன்.

காலை. அப்பா சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் மீண்டும் சாக்லேட் தாள். ஒன்றுதான். பழையதாகவும் இருக்கலாம். அவர் மாத்திரை போட்டுவிட்டு இட்லிக்கு உட்கார்ந்திருந்தார். இரண்டு இட்லி, சீனி இல்லாத காப்பி. தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும். என் வாய் நிற்கவில்லை. பன்னிரண்டு வயதில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். நான் இரண்டாவது ஜாங்கிரி எடுத்தேன். பந்தியில் எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்து, திரும்ப வைக்கச் சொன்னார். பரிமாறியவர் "சின்னப் பிள்ளைதானே, திங்கட்டும்" என்றார். இவர் விடவில்லை. எச்சில் படாத ஜாங்கிரி இலை ஓரத்தில் கிடந்தது. அம்மை குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு இந்த முப்பத்துநான்கு வயது வரை யார் இரண்டாவது தடவை எதை நீட்டினாலும் போதும் என்றுதான் சொல்லி வருகிறேன். வேண்டும் என்று சொல்ல வராது. கல்யாணப் பேச்சு வந்தபோதும் வரவில்லை.

அதையெல்லாம் சொன்னேன். "அன்னைக்கு என் கையில இருந்து பிடுங்கினியளே அப்பா. இன்னைக்கு உங்க கையை யார் பிடிக்க?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"எந்தக் கல்யாணம்?"

நடிப்பில்லை. ஞாபகமே இல்லை.

தட்டைத் தள்ளிவிட்டு, எனக்கு வேண்டாம் என்று எழுந்தார். வேண்டாமென்றால் வேண்டாம், பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கும் என்றேன். இரண்டு இட்லியையும் பிரிட்ஜில் வைத்துப் பூட்டிவிட்டு ஆபீஸ் போனேன்.

பதினொன்றரைக்கு ஆபீசுக்குப் போன். பாத்திமா, டெலிபோன் பூத்தில் இருந்து. அழுகையில் பாதி புரியவில்லை.

போன் என்று கூப்பிட்டபோது நான் கேண்டீனில் இருந்தேன். காப்பி. சீனி பற்றவில்லை என்று இன்னொரு கரண்டி கேட்டுப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் இறங்குகிறது. அப்பா கண் திறந்தார். என்னைத் தெரிகிறது. நெற்றியில் நான்கு தையல்.

மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுமாம். அந்த நேரம் ஒரு கரண்டி சீனி வாயில் போட்டிருந்தால் போதுமாம். டாக்டர் கேட்டார், வீட்டில் சீனிகூடவா இல்லை என்று.

இருக்கிறது என்றேன்.

ஜூன் 22, சனி

பாத்திமா ஆஸ்பத்திரி வாசலில் என்னை நிறுத்தினாள். உள்ளே வரவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

பதினொரு மணி இருக்கும். அப்பா அவள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்திருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு. சட்டை தொப்பலாக வேர்வை, கை நடுக்கம். ஒரு கரண்டி சீனி கேட்டிருக்கிறார். போன வாரம் விருந்தாளி கதை, இந்த வாரம் இந்த வேஷமா என்று அவள் நினைத்திருக்கிறாள். சிரிக்கவும் செய்திருக்கிறாள். கோமதியக்கா வந்தால் என்னைக் கொன்றுபோடுவாள், போங்க சார் என்று சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டாந்தடவை கேக்கலக்கா. 'சரிம்மா'ன்னாக. அவ்வளவுதான். திரும்பிப் போய்ட்டாக."

எங்கள் வீட்டுத் துவைகல்லில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடியிருக்கிறாள். அவள்தான் வாயில் சீனியைத் தேய்த்தது. அவள்தான் ஆட்டோ பிடித்து ஏற்றியது.

நீ என்ன செய்வாய், நான் சொன்னதைத்தானே செய்தாய் என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ஆமா. நீங்க சொன்னிய, நான் கேட்டேன். ஒரு மனுஷன் வாய்விட்டுக் கேட்டு இல்லைன்னு சொல்ல வச்சிட்டியளே என்னை."

போய்விட்டாள். கூப்பிடவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. தம்பி போனில், ஒரு நர்ஸ் வைத்துக்கொள்ளலாமே என்றான். வேறு என்ன சாமான் வேண்டும், அனுப்புகிறேன் என்றான்.

சாவியை அப்பா கையில் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசைமேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தார். பிரிட்ஜைத் திறந்தே போட்டுவிட்டேன். உள்ளே அந்த இரண்டு இட்லி, கல்லாகி. எடுத்துக் கொட்டினேன்.

ஜூன் 30, ஞாயிறு

அப்பா எதையும் எடுப்பதில்லை. வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் இல்லை. கடைக்குப் போவதில்லை. டி.வி. போடட்டுமா என்று கேட்கிறார். நானே போட்டுவிட்டால் பார்க்கிறார். விளம்பரம் வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். பெரிய மனிதர், சின்னப் பிள்ளைகள் பேயைப் பார்த்த மாதிரி.

நேற்று வேண்டுமென்றே ஐந்து பிஸ்கட்டை ஒரு தட்டில் வைத்து மேசையில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தேன். ஐந்தும் இருந்தது. ஒன்றாவது குறைந்திருக்காதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்.

ஜூலை 3, புதன்

தாமிரவருணியில் தண்ணீர் கூடிவிட்டதாம், மலையில் மழை. பால்காரர் வரவில்லை. ஆபீசில் எல்லோரும் குற்றாலம் போகிறார்கள். நான் வரவில்லை என்று சொல்லியாயிற்று.

இன்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அப்பா, இது உங்கள் வீடு, என்னை எதற்குக் கேட்கிறீர்கள், வேண்டியதை எடுத்துச் சாப்பிடுங்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் பதறவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"கேக்காம எடுத்தேன், திருடன் ஆனேன். கேட்டு வாங்கப் போனேன், பொய்யன் ஆனேன். இனி நீயா வச்சா போதும், பிள்ளே. எனக்கு அதுதான் லேசா இருக்கு."

அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபம் இல்லாதவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

ஜூலை 6, சனி

பாத்திமா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவள் மகள். உம்மா தொழுதுகொண்டிருக்கிறாள் என்றாள். கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். பிறகு, உம்மா இல்லை, வெளியே போயிருக்கிறாள் என்றாள். இரண்டில் எது உண்மை என்று பிள்ளையிடம் கேட்க முடியுமா? கொண்டுபோன பழத்தைக் கொடுத்தேன். வாங்கவில்லை. யார் என்ன கொடுத்தாலும் வாங்கக் கூடாதாம், உம்மா சொல்லியிருக்கிறாளாம்.

பச்சைப் புடவைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்தேன். கட்டப் போவதில்லை.

ஜூலை 13, சனி

பளிச்சென்று வெயில். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் இரண்டு தடவை தலையாட்டினார். சர்க்கரை அளவோடு இருக்கிறது. விரல் புண் மூடிவிட்டது. விரலை எடுக்க வேண்டாம். மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்.

அப்பாவும் ஆமாம் என்றார். "நல்ல கண்டிப்பு, டாக்டர்" என்றார். குத்திக்காட்டவில்லை. நன்றியோடு சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாளை பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். நிழலில் நின்றோம். அப்பா இரண்டு மூன்று தடவை என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்றேன். இல்லை என்றார். பிறகு வலது கையின் ஆட்காட்டி விரலைப் பாதி தூக்கினார். தூக்கியது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

"ஒண்ணுக்குப் போய்ட்டு வரட்டுமா?"

பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். போய்விட்டு வாங்க என்றேன். போனார். எங்கள் பஸ் வந்தது, போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து என் எதிரில் நேராக நின்று, வந்துட்டேன் என்றார்.