கழுவாத விரலின் சாட்சி

ராத்தா,

இன்று காலை சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் குப்பியின் மூடியைத் திறந்ததும் அந்த மருந்து வாடை முகத்தில் அடித்தது. அக்கா உங்களுக்கிருந்த சீனி வருத்தம், அந்த நீரிழிவு, தங்கை எனக்கும் வந்துவிட்டது. குடும்பச் சொத்து, ஆளுக்கொரு பங்கு. விரலில் குத்திய கையோடு மீட்டர் எண்ணைக் காட்டிவிட்டது. மகன் எட்டிப் பார்த்து, "இவ்வளவு கூடிக் கிடக்கே உம்மா" என்று முகத்தைச் சுருக்கினான். "பொறு மகன், அது சொன்னா ஆச்சா" என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று எனக்கே விளங்கியது.

எண்பதுகளின் தொடக்கத்தில், உங்களைக் கட்டிய மாப்பிள்ளை, என் மச்சான், சவூதியிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த மீட்டர் செங்கல் பருமன் இருந்தது. இரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தடவி, காத்திருந்து, பஞ்சால் துடைத்து, பிறகு உள்ளே செருக வேண்டும். எங்கள் ஊர் கல்முனையில் வேறு வீட்டில் அப்படி ஒன்று இருந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. பார்க்க வந்த சனத்தால் வீட்டு வளவு நிறைந்துவிட்டது. மச்சான் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லித்தான் அதைத் தொடுவார். உங்களுக்கு மட்டும் அதில் பெரிய மதிப்பில்லை. "நிக்காஹுக்கே ரெண்டு சாட்சி வேணும். என்ட ரெத்தத்துக்கு மட்டும் ஒண்டு போதுமா?" என்று கேட்டுச் சிரிப்பீர்கள்.

அந்த லீவிலேயே நோன்பும் வந்தது. இன்சுலின் ஊசி போடுகிறவள் நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட ஆத்திரத்தில், பள்ளிவாசலுக்கு அனுப்பும் பேரீச்சம்பழம் முழுவதையும் நான்தான் கொட்டை எடுப்பேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தீர்கள். அந்தப் பழமும் மச்சானின் பெட்டியில் வந்ததுதான். நான் அடுப்படியில் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. மச்சான் மீட்டரோடு ஓடிவந்து, இருந்த இருப்பிலேயே உங்கள் விரலில் குத்தினார்.

"முந்நூறத் தாண்டிட்டு" என்றவர் கண்ணாடி ஊசியை எடுத்து, வெந்நீரில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

"வேணா. இது கூடினதில்ல, குறைஞ்சது" என்றீர்கள். நாக்கு குழறியது.

"மெஷின் பொய் சொல்லுமா? சும்மா இரி."

"மெஷினுக்கா வருத்தம், எனக்கா? இது என்ட ஊடு, என்ட உடம்பு. அந்த ஊசிய அங்கால வைங்க."

அவர் வைக்கவில்லை. மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துவிட்டார். நீங்களோ நோன்பாளிகள் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, தட்டிலிருந்த பழத்தை எடுத்து வாயில் போட்டு மென்றீர்கள். சீனி கூடிய நேரத்தில் பழமா என்று நானும் பயந்தேன். அப்போதுதான் நீங்கள் உங்கள் விரல்களைப் பார்த்தீர்கள். பழத்தின் பிசின் ஒட்டிக் கிடந்தது.

"புள்ள, தண்ணி கொண்டா. சவுக்காரமும்."

கழுவித் துடைத்த விரலில் மச்சானே மறுபடி குத்தினார். துடைத்துச் செருகியதும் மீட்டர் காட்டிய எண் ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்றது. மீட்டர் பொய் சொல்லவில்லை, ராத்தா. பேரீச்சம்பழத்துக்கு எவ்வளவு சீனி என்பதை அது சரியாகத்தான் சொல்லியிருந்தது. மச்சான் ஊசியை அப்பால் வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அதைப் போட்டிருந்தால் அன்றைய கஞ்சி உங்கள் மையித்தைக் கிடத்திய சாவு வீட்டுக் கஞ்சியாகியிருக்கும்.

அதோடு நீங்கள் அடங்கினீர்களா? மீட்டரைப் புடைவைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே கையில் இரத்தம் எடுத்த அதே நேரம் விரலிலும் குத்திப் பார்த்தீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை. இந்தளவு முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். "இருக்கட்டும். எவ்வளவு முன்ன, எவ்வளவு பின்ன எண்டு எனக்குத் தெரியோணும்" என்றீர்கள். அதற்குப் பிறகும் அடிக்கடி போய் ஒப்பிட்டீர்கள். கடல் காற்றில் மூடி திறந்து கிடந்த ஸ்ட்ரிப்பை நம்பமாட்டீர்கள். ஊரில் சிரித்தார்கள்: மாப்பிள்ளையோடு சண்டை பிடித்து முடிந்து, இப்போது மெஷினோடு பிடிக்கிறாளாம்.

யுத்தத்தில் ரோட்டு மூடிய காலங்களையும் கடந்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுதான் போனீர்கள். நீங்கள் மௌத்தான அன்று பெண்கள் கூடியிருந்த அறையில் ஒருத்தி, நல்ல மனுஷிதான், ஆனா சொல்லுக் கேளாத பொம்புள என்று பெருமூச்சு விட்டாள். வாழ்நாளெல்லாம் யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசாத நான் தலையை நிமிர்த்தினேன்.

"ஓம், சொல்லுக் கேக்கல்ல. கேட்டிருந்தா அந்த நோன்பிலேயே மௌத்தாகியிருப்பா" என்றேன்.

எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. அன்று திறந்த என் வாயை இதுவரை யாராலும் மூட முடியவில்லை, ராத்தா.