உன் தோட்டத்துக்குள் புகுந்த என் ரேடியோ

அன்பு மனோ,

நீ கண்ணை மூடிய பிறகும் உன் மின்னஞ்சலுக்குக் கடிதங்கள் வந்தபடிதான் இருக்கின்றன. நான்தான் திறந்து பார்க்கிறேன். போன கிழமை வந்தது, உன் காணொளிகள் இருக்கும் தளத்திலிருந்து. நீ பூசணி நட்ட அந்தக் காணொளியில் இன்னொருவருக்கு உரிமையான பாட்டு ஒன்று கேட்கிறதாம். அதனால் அதை இனி யாரும் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

நான் முதலில் நம்பவில்லை. உன் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பொழுது போகட்டும் என்று மகள் தர்ஷி வாங்கித் தந்த, கணினியில் விளையாடும் தோட்டக் கேம் அது. நீ அதை விளையாடுவதைப் பதிவு செய்து, பேசிப் பேசி, டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் பெண்களுக்குக் காட்டத் தொடங்கியபோது, அவள் உனக்கு ஒன்று சொல்லியிருந்தாள். கேம் செய்தவர்கள் விளையாட்டைக் காட்ட அனுமதித்தாலும், அதற்குள் வரும் பாட்டு வேறு ஆட்களுக்குச் சொந்தமாக இருக்கலாம். அன்று முதல், பதிவைத் தொடங்குமுன் கேமின் இசையை நிறுத்த நீ ஒருநாளும் மறந்ததில்லை. மண்வெட்டிச் சத்தம், மழைச் சத்தம், உன் குரல். வேறெதுவும் இருக்காது.

தளம் குறித்துக்காட்டிய இடத்தைப் போட்டுக் கேட்டேன். பாட்டு கேமில் இல்லை. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. என் ரேடியோ.

பழைய சினிமாப் பாட்டு. அதற்கு மேலாக நீ கத்துகிறாய்: "இஞ்சேருங்கோ, காது கேக்கேல்லையோ? அந்த ரேடியோவைக் குறையுங்கோ. சனம் என்ரை தோட்டம் பாக்க வந்தது, உங்கடை கச்சேரிக்கு வரேல்லை." தூரத்தில் நான், "ஓம், ஓம்." பிறகு நீ ஒலிவாங்கிக்குக் கிட்டே வந்து மெதுவாக, "கேட்டியளே பிள்ளையள், ஓம் எண்டுவார். குறைக்கமாட்டார்."

வாய்விட்டுச் சிரித்தேன், மனோ. சிரித்து முடித்த பிறகு வீடு எப்படி இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? இப்போது ரேடியோ போடுவதில்லை.

நோபிள் பார்க்கில் குடியிருக்கும் தர்ஷிக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, அந்த பிட்டை மியூட் பண்ணிவிடுங்கோ. வீடியோ திரும்ப வந்திடும்."

"அதிலைதான் கொம்மா என்னைக் கூப்பிடுறா."

"அப்ப டிஸ்பியூட் பண்ணுங்கோ, அவை சொல்லுறது பிழையெண்டு எழுதிக் குடுங்கோ."

"என்னெண்டு சொல்லி? பாட்டு அவையின்ரைதானே."

நிருபராக இருந்த காலத்தில், என் செய்திகளை என் பெயரில்லாமல் எடுத்துப் போட்ட பத்திரிகைகளோடு நான் பிடித்த சண்டைகள் உனக்குத் தெரியும். இன்னொருவரின் பாட்டை என்னுடையது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. பாட்டை மட்டும் உருவியெடுக்கும் கருவி ஒன்று அந்தத் தளத்திலேயே இருக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தேன். பாட்டுப் போனது. உன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆனது. அது நீ இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வெட்டாத பிரதி ஒன்றை முதலிலேயே இறக்கி வைத்துவிட்டேன். தர்ஷியிடமும் ஒன்று இருக்கிறது. அதனால் உன் குரல் தொலையாது. என்னை உறுத்தியது வேறு. உன் காணொளிகள் எல்லாவற்றையும் இந்தக் கிழமை உட்கார்ந்து பார்த்தேன். இந்த டூங்கபி வீட்டில் உன்னோடு இன்னொரு ஆளும் இருந்தான் என்பது அந்த ஓர் இடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. அதை அடக்கினால், பார்க்கிறவர்களுக்கு நீ தனியாக இருந்த பெண். நான் அங்கே இருந்ததே இல்லை. அடக்காவிட்டால், உன் பூசணித் தோட்டத்தையே யாரும் பார்க்க முடியாது. டொராண்டோப் பெண் ஒருத்தி ஏற்கெனவே கேட்டு எழுதிவிட்டாள்: "அக்காவின்ரை பூசணி வீடியோ எங்கை?"

இரண்டு நாள் கணினிக்குக் கிட்டவே போகவில்லை. மூன்றாம் நாள் காலை, ஒரு பேட்டியை எழுதியெடுப்பது போல் உட்கார்ந்தேன். நீ சொன்னதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொன்னபடியே எழுதினேன். எத்தனையோ பேரின் வாக்குமூலங்களை எழுதியெடுத்தவன். உன் ஐந்து வரிக்கு முற்பகல் முழுதும் போனது. பிறகு அந்த இடத்தின் சத்தத்தை என் கையாலேயே அடக்கினேன். படத்துக்குக் கீழே, சத்தமில்லாத அந்த இடத்தில், உன் சொற்களை எழுத்தாக ஓடவிட்டேன். என்னுடைய "ஓம், ஓம்" கூட இருக்கிறது.

மத்தியானம் காணொளி திரும்ப வந்தது. பாட்டு இல்லை, நீ இல்லை. பூசணிக் கொடி படர்கிறது, கீழே நீ என்னை ஏசுகிறாய்.

பின்னேரம் அந்த டொராண்டோப் பெண் எழுதினாள்: "இதிலை அக்கா ஆரைக் கூப்பிடுறா?"

"என்னை" என்று பதில் போட்டேன்.

மற்றக் காணொளிகளிலும் தூரத்தில் என் ரேடியோ மெல்லக் கேட்பதால், பழைய பாட்டுகளுக்கு உரிமை கோருவது இன்னும் நடக்கும், இன்னும் அறிவித்தல்கள் வரலாம் என்கிறாள் தர்ஷி. வரட்டும். எந்த இடத்தை அடக்கச் சொன்னாலும், முதலில் நீ பேசியதை எழுதிவிட்டுத்தான் அடக்குவேன். ஒரு சொல் கூட்டமாட்டேன். என்னைத் திட்டியிருந்தால் அதையும் விடமாட்டேன்.

உன் மனுசன்,
டூங்கபியிலிருந்து