குழாய்த் தண்ணீர்

ஜூன் 3
சாயப்பட்டறைக் கழிவு நகராட்சிச் சாக்கடையில் சேரும் இடத்தில் இன்றும் மாதிரி எடுத்தேன். கருநீலச் சாயம் போடும் இடம். மூடியைத் திறந்தால் முகம் பார்க்கலாம் போலத் தெளிந்த தண்ணீர். மானேஜர், "எங்க தண்ணிய குடிக்கலாம் மேடம்" என்றார். குடியுங்களேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. எனக்குப் பதில்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய்விட்டு வரும்.

ஆய்வகத்தில் குளோரின் பார்க்கும் சொட்டை விட்டேன். மஞ்சளானது. சாக்கடையில் குளோரின் ஏது? அது நகராட்சி குளோரின் கலந்து விடும் குழாய்த் தண்ணீர். நாங்கள் வருமுன் கழிவை அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள்.

நாள் முன்பே தெரிந்திருக்கிறது. யார் சொல்வது?

ஜூன் 6
டிரைவர் அண்ணன். ஆபீஸ் வண்டியை எடுக்குமுன் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசுகிறார். தினமும்.

ஜூன் 9
அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். "ஆதாரம் இருக்காம்மா?" என்றார். இல்லை. ஆனாலும் டிரைவர் அண்ணனைக் குப்பை லாரிக்கு மாற்றிவிட்டார்.

டிரைவர் அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது என் மேசையருகே நின்றார். "யார்கூட பேசுறேன்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வீட்ல அவளுக்கு முடியல. மாத்திரை போட்டாளான்னு கேப்பேன்."

பொய்யாக இருக்கலாம்.

ஜூன் 17
புது டிரைவர். மாதிரி எடுத்தோம். மறுபடி மஞ்சள்.

அப்படியென்றால் அதிகாரியா? இன்று அவர் செருப்புகூடப் புதிதா என்று பார்த்தேன். சீ.

ஜூன் 22, ஞாயிறு
அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்த மாமாவின் நகக்கண்ணில் கருநீலம். மாவு மில்லில் வேலை பார்ப்பவருக்கு நீலம் ஏது?

அம்மாதான் சொன்னாள். மாமா மில்லை விட்டு ரெண்டு மாசமாகிறதாம். அதே பட்டறையாம். "நீ சங்கடப்படுவேன்னு சொல்லல."

"நான் மாதிரி எடுக்கப் போற நாளு?"

"நாளைக்கு வெள்ளன கெளம்பணும்னு நீ சொல்லுவல்ல. அதை அக்காகிட்ட போன்ல சொல்லுவேன். வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொன்னா குத்தமாடி?"

மாமா தட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

டிரைவர் அண்ணன் — ஐயோ, அவரை நான் என்ன பண்ணிவிட்டேன்.

ஜூன் 23
உண்மையை எழுதிக்கொடுத்தால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. கொடுக்காவிட்டால் அந்த மனிதர் குப்பை லாரியில்.

ஜூன் 24
கொடுத்துவிட்டேன். "தகவல் போனது என் வீட்டிலிருந்து. டிரைவர் மீது நான் சொன்னது தவறு." அதிகாரி இரண்டு முறை படித்தார். "உனக்கு மெமோ வரும், தெரியும்ல?" தெரியும் என்றேன்.

ஜூலை 2
அந்தப் பட்டறைக்கு இனி நான் போகக் கூடாது. டிரைவர் அண்ணன் பழைய வண்டிக்கு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். வேறொருவர் சொல்லாமல் போய் எடுத்து வந்த பாட்டில் ஆய்வக மேசையில் இருந்தது. மை போல. தொட்டால் இன்னும் சூடு.

ஜூலை 11
பட்டறையின் சாக்கடை இணைப்பைத் துண்டித்தாயிற்று; மாமாவுக்கு வேலை போயிற்று. அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைத் தட்டில் போட்டு மூடிவைக்கிறாள். அக்காதான் போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவர் வேற வேலை பாக்கணும்ல? எந்தப் பட்டறை ஒழுங்கா நடக்குது, எதுக்கு அடுத்து நீங்க போவீங்கன்னு உனக்குத்தானடி தெரியும்" என்றாள்.

நியாயமான கேள்விதான். வேலைக்காகத்தான் கேட்டிருப்பாள்.

தெரியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.