நாலு நிமிஷம் பத்து வினாடி

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் தையல் ஆலைக்குப் புதிதாக ஏழு பெண்கள் வந்திருக்கிறார்கள். எங்கோ தூரத்து மலையூராம், ஏழு பேரும் ஒரே ஊர். சட்டைக் காலர் தைக்கிற வேலை, கட்டுக்கு இருபது காலர். முடித்தவள் அடுத்த கட்டை எடுக்க வேண்டியதுதானே? எடுப்பதில்லை. ஏழு பேரும் முடிக்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்! வேலை நேரத்தை அளக்க ஸ்டாப்வாட்சோடு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேரம் போகுதேம்மா!" என்றேன்.

அவர்களில் மூத்தவள், எல்லோரும் பெரியக்கா என்கிறார்கள், சாவகாசமாகக் கேட்டாள்: "எங்க மேடம் போகுது? நாம இங்கதானே இருக்கோம்."

மார்ச் 5

சாப்பாட்டு வேளையிலும் அதே கூத்து. கடைசி ஆள் வந்து உட்காராமல் ஒருத்தியும் டப்பாவைத் திறப்பதில்லை. நான் வழக்கம்போல் என் மேசையிலேயே ஏழு நிமிடத்தில் முடித்தேன். வீட்டில் சொன்னால் அவர் சிரிக்கிறார். "பால் பொங்கறதுக்கே வாட்ச் பாக்கறவ நீ. உன்கிட்ட வந்து மாட்டினாங்களே, பாவம்."

மார்ச் 10

மேனேஜர் கேட்டார்: "யாரு இழுக்கறாங்க? பேரை மட்டும் எழுதிக் கொடுங்க."

அளந்தேன். ஆறு பேருக்குப் பதினெட்டு நிமிடம். ஒல்லி என்று அவர்கள் கூப்பிடும் பெண்ணுக்கு மட்டும் இருபத்திரண்டு நிமிடம் பத்து வினாடி. ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்க்கிறாள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

மார்ச் 12

ஒல்லியை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் ஆலை விடுதியையும் காலி செய்ய வேண்டும். கத்தரியைத் துடைத்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 13

ஆறு பேரும் பதினெட்டு நிமிடத்தில் முடித்தார்கள். அப்புறம் கை மடிக்குப் போயிற்று. பிறகு ஒன்றாக அடுத்த கட்டை எடுத்தார்கள். பழக்க தோஷம், என் கட்டைவிரல் வாட்சை அழுத்தியிருந்தது.

நாலு நிமிடம் பத்து வினாடி.

அடுத்த கட்டுக்கும் அதேதான், ஓரிரு வினாடி முன்பின். யார் கையிலும் கடிகாரம் இல்லை. சுவர்க் கடிகாரம் இருப்பது அவர்களுக்குப் பின்னால் —

ஒல்லி கூடுதலா எடுக்கற அதே நேரம்! அவளுக்காகத்தான். இல்லாதவளுக்காக உக்காந்திருக்காங்க. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்? ஒரு நாள் அளந்து பாத்தவ நான். அவங்க கூடவே இருந்தவங்க. இந்த வாட்ச் சனியனைத் தூக்கி வீசலாம்போல இருக்கு.

மார்ச் 14

மேனேஜருக்குப் புரிகிற கணக்கிலேயே சொன்னேன். "அவ இருந்தப்பவும் ஆறு பேர் காத்திருந்தாங்க, இப்பவும் காத்திருக்காங்க. நமக்கு மிச்சம் ஒண்ணுமில்ல சார். ஒவ்வொரு தடவையும் அவ தைக்கிற இருபது காலர்தான் போச்சு."

"காத்திருக்காதீங்கன்னு சொல்லுங்களேன்."

"சொல்லிட்டேன் சார். சிரிக்கறாங்க."

அவளைத் தனியாக அளந்தது என் தப்பு என்பதையும் சொன்னேன். தாடையைச் சொறிந்தார். "சரி, வரச் சொல்லுங்க."

விடுதிக்கு நானே ஓடினேன். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

மார்ச் 17

ஒல்லி வேலைக்கு வந்துவிட்டாள். எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று பார்க்கவில்லை.

இன்று அவர்களோடு சாப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். மணி அடித்தும் ஒரு தாள் பாக்கி. முடித்துவிட்டுப் போனபோது, இந்நேரம் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஏழு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டப்பாவும் திறக்கவில்லை.

"இன்னும் யார் வரணும்?" என்றேன்.

ஒல்லி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.