அமேலியா அம்மா ஆக்கிய கிழங்குத்தழை

அன்பு மகன் கதிர்வேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்டாட்டி தனப்பிரியாவும் என் பேத்தி யுவஸ்ரீயும் ஆடுமாடும் சுகம், மொசாம்பிக்கில் உனக்கும் காய்ச்சல் விட்டு உடம்பு தேறியிருக்கும். பன்னிரண்டு நாளாக என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் உங்கள் போர்வெல் வண்டிக்கு வேலைக்கு வரும் குமரகுரு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அன்றைக்கு வீடியோவில் உன் தட்டில் குச்சிக்கிழங்குத் தழையைப் பார்த்ததும் பதறிக் கத்திவிட்டேன் சாமி. அதைத் தின்று நம் காட்டில் எத்தனை ஆடு நுரை தள்ளி விழுந்திருக்கிறது. ‘எம்பையனுக்கு வெசத்தை ஊட்டறாளா அவ’ என்று நான் போட்ட சத்தத்தில், உங்களுக்குச் சமைக்கும் அமேலியா அம்மா பாஷை தெரியாமலே கரண்டியை வைத்துவிட்டு முகம் சுண்டி நகர்ந்தது கண்ணிலேயே நிற்கிறது. ஒன்பது நாள் காய்ச்சலில் உன்னைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான் என்று தனப்பிரியா அப்புறம்தான் சொன்னாள்.

யுவஸ்ரீ படித்துச் சொன்னாள், புத்தகத்தில் மரவள்ளி என்று போட்டிருக்கும் இந்தக் குச்சிக்கிழங்கு நம்முடையதும் இல்லையாம் அமேலியா அம்மா ஊருடையதும் இல்லையாம். பிரேசிலில் விளைந்ததை, அந்த நாட்டை ஆண்ட போர்ச்சுக்கல்காரன் கப்பலில் ஏற்றி மொசாம்பிக்கிலும் இறக்கி நம் பக்கமும் இறக்கினானாம், மிளகாயும் அவன் கொண்டுவந்ததுதானாம். வெள்ளைக்காரன் காலத்து உலகச் சண்டையில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வராமல் நின்றபோது சேலத்தில் இந்தக் கிழங்கு மாவில் செய்யப் பழகினார்கள், உன் தாத்தா செங்கோடன் சோளக்காட்டில் குச்சி நட்டதும் அதற்குப் பிறகுதான். அந்தக் காடுதான் உன்னைப் படிக்க வைத்தது. ஆனால் அதே கப்பலில் ஆளை அடிமையாகச் சங்கிலி போட்டு ஏற்றிய கப்பல்காரனுக்கு நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும், தழையின் விஷத்தை எடுத்துப் பிள்ளைக்குச் சோறாக்கத் தெரிந்த பொம்பளைக்கல்லவா சொல்ல வேண்டும்.

நீ தனப்பிரியாவிடம் போனில் சொன்ன அமேலியா அம்மா பக்குவத்தில் முந்தாநாள் இளந்தழையை உரலில் நைய இடித்து, ரெண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, நிலக்கடலை அரைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினேன். பக்கத்துக் காட்டுச் சாரதாமணி எட்டிப் பார்த்து, ‘ஏனுங்கக்கா, ஆட்டுக்கே போடாததைத் திங்கறீங்களே, காட்டை யார் பேருக்கு எழுதி வெச்சீங்க’ என்று சிரித்தாள். முதல் வாய் எனக்கும் தொண்டையில் இறங்கவில்லைதான். பிறகு ரெண்டாந்தரமும் போட்டுக்கொண்டேன், சாரதாமணியும் கிண்ணத்தில் வாங்கிப்போனாள்.

குமரகுருவிடம் உனக்கு ஜவ்வரிசி வடகமும், அமேலியா அம்மாவுக்கு இளம்பிள்ளை ஊர்த் தறிச் சேலை ஒன்றும் இருக்கிறது, அவள் தன் ஊர் வழக்கப்படி வெட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டாலும் சரி. கொசுவலை கட்டாமல் படுக்காதே. குலசாமி உன்னையும் அவள் பிள்ளைகளையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறக்காமல் கூப்பிடு, அவளையும் பக்கத்தில் உட்கார வை. எனக்கு அவள் பாஷை வராது, அவள் பார்க்க அந்தத் தழையைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறேன், புரிந்துகொள்வாள்.

உன் அம்மா
வள்ளியாத்தாள்