அடுப்பின் மேல் காய்ந்த அட்டைகள்

8 ஜூலை 1974
இன்று மட்டும் நாற்பது ஜோடி முடிந்தது. எங்கள் தீவின் கப்பல் டிக்கெட் கவுண்டரில் சனங்கள் கேட்கிற கேள்வி ஒரு அட்டையில்; எதைக் கேட்கிறார்கள், எந்த ஊர், எந்த நாள் என்ற பொருள் அடுத்ததில். நான் பிரித்து எழுதுவேன். மங்கையர்க்கரசி அக்கா அதை அட்டையில் துளைகளாகப் போடுவாள். நானூறு ஜோடியைப் படித்தால் கல்கத்தா கம்ப்யூட்டர் புதுக் கேள்விக்கும் தானே பொருள் கண்டுபிடிக்குமாம். எங்கள் அதிகாரி பக்தவத்சலம் சார் சொல்கிறார். எட்டாவதோடு நின்ற எனக்கு இந்த வேலை வாங்கித் தந்தது அக்காதான்.

11 ஜூலை
ஒரே மழை. நானூறு ஜோடியும் முடிந்த நேரத்தில் அட்டைகள் நமுத்துவிட்டன. நமுத்தால் மெஷினில் சிக்கும் என்று சார் சொல்லியிருக்கிறார். பெட்டி என் பொறுப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே பரணில் பரப்பினேன். மழைக்காலத்தில் ரேஷன் கார்டும் கருவாடும் அங்கேதான் காயும். யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத்தான் வாய் வராதே.

15 ஜூலை
மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன. ஓரம் கொஞ்சம் வளைந்திருந்தது. தட்டி அடுக்கினேன். அக்கா பெட்டியைக் கட்டினாள். கல்கத்தாவுக்குக் கப்பலேறிவிட்டது.

9 ஆகஸ்ட்
கல்கத்தாவிலிருந்து கடிதம். அட்டைகள் வளைந்து மெஷின் பாதியைக் கிழித்துவிட்டதாம். நடுவில் நின்றதால், கம்ப்யூட்டர் அதுவரை கற்றதையும் டேப்பில் பதிக்க முடியவில்லை. எல்லாம் போச்சு.
"கட்டி அனுப்பினது யாரு?" என்றார் சார்.
"நான்தான் சார்" என்றாள் அக்கா.
"நாளைலேர்ந்து வர வேண்டாம்."
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சீவிக்கொண்டே இருந்தேன்.

10 ஆகஸ்ட்
சீ. நானும் ஒரு மனுஷியா?

11 ஆகஸ்ட்
கராச்சர்மாவுக்கு பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அழுதுவிட்டேன்.
"அரே, உள்ள வாடி. பெட்டி கட்டுறப்பவே கருவாட்டு வாசனை. எனக்குத் தெரியாதா?"
"ஏன்க்கா சொல்லல?"
"சொன்னா, எட்டாவதோட நின்னவளை யாரு சேர்த்ததுன்னு சார் என்னையே ஏசுவாரு. வாசனைதானேன்னு விட்டேன்." சிரித்தாள். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

12 ஆகஸ்ட்
சாரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "எத்தனை நாள் வெச்சே? அடுப்புக்கு எவ்வளவு உயரம்?" என்று கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். நான் செய்த அசட்டுத்தனம் இங்கிலீஷில் கல்கத்தா போகிறது. கடைசியில், "மங்கையர்க்கரசிய வரச் சொல்லு. நீ..." என்று நிறுத்தினார்.
"சரி சார்" என்றேன்.

17 ஆகஸ்ட்
வேலை போனதை அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி, கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

19 ஆகஸ்ட்
அம்மா பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் அக்கா. ஜன்னலில் தலையை நீட்டி, "உன் எடத்துக்கு சார் புதுசா ஒருத்திய வெச்சிருக்காருடி! தப்புத் தப்பா எழுதுறா!" என்று கத்தினாள். பஸ் போய்விட்டது.
"என்னடி சொல்றா அவ?"
தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேயே நின்று முழுவதையும் சொன்னேன்.
அம்மா என் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.