வசவு நின்ற பதினோரு நாள்

வாய்க்கொழுப்பு பிடித்த என் புருஷனுக்கு,

இந்த ஹாங்காங் முழுக்கத் தேடினாலும் உன்னைப் போல் ஒரு வசவுக்காரன் கிடைக்கமாட்டான். முப்பது வருஷமாக நம் நூடுல்ஸ் கடையில் அடுப்புக்கும் ஈக்கும் எனக்கும் ஒரே வார்த்தைதான்: "நடுத்தெருவுல விழுந்து சாவு!" சீனப் புத்தாண்டுக்கு மூன்று நாள் வசவு ஆகாதென்று நான் சுவரில் சிவப்புத் தாள் ஒட்டினால் உனக்கு மூச்சு முட்டும். நான்காம் நாள் விடிந்ததும் நீயே அதைக் கிழிப்பாய்.

இப்போது தாளே ஒட்டவில்லை, ஆனாலும் உன் வாயில் வசவு இல்லை. டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உன்னிடம் பேசி, பதினோரு நாள் ஆகிறது.

நேற்று ஒரு பானை சூப்பைக் கொட்டினேன். "பரவாயில்லம்மா, கையைச் சுட்டுக்கிட்டியா?" என்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் சாப்பிட வரும் லாவ் கிழவர்கூடக் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரனுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

நாளை என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொன்னாயோ, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவேன். வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி என்னைத் திட்டு. அப்போதுதான் அந்த டாக்டர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை என்று நம்புவேன்.

இப்படிக்கு,
நீ தினமும் சொல்லியும் விழுந்து சாகாத
உன் வீட்டுக்காரி